என்னை ஓர்க்கான்னு சொன்னாவ

அந்தப் பைய உனக்க காலுக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடட்டா மக்ளே? மணம் வந்தா சொல்லு, மேல ஏத்தி வைக்கச் சொல்லுவோம். ஒண்ணுமில்ல, சாளை மீன் பொரிச்சதும் மரச்சீனிக் கெழங்கும். மொவனுக்கு.

களியக்காவிளையில ஏறும்போதே பாத்தேன், கையில தமிழ்ப் பேப்பர் வச்சிருக்கியேன்னு. அதான் பக்கத்துல வந்து இருந்தேன். திருவனந்தபுரம் வரைக்கும் வாய மூடிட்டு இருக்க என்னால ஆகாது. ரொம்பப் பேசாதீங்க, மூச்சு வாங்கும்னு டாக்டர் சொன்னாரு. பேசல்லன்னாலும் வாங்கத்தான் செய்யுது. பின்ன பேசிட்டே வாங்கட்டும்.

நான் தம்பானூர்ல இறங்கி எர்ணாகுளம் வண்டி பிடிக்கணும். தோப்பும்படியில மொவன் இருக்கான். கூட்டிட்டு வரப் போறேன். அவனையும் அவனுக்க பொண்டாட்டியையும். ரெண்டு பேரையும்தான் கேட்டியா. ஊருல வேற மாதிரி சொல்லுவாவ, அதான் அழுத்திச் சொல்லுகேன். அடுத்த வாரம் எனக்கு நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன். ரத்தக் கொழாய் அடைச்சுக் கெடக்காம். வயசையும் சர்க்கரையையும் பாத்தா எதுவும் உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் தரையப் பாத்துட்டுச் சொன்னாரு. அதுக்கு முன்ன எனக்க மொவன் எனக்க வீட்டுல, எனக்க கண்ணு முன்னால இருக்கணும். இது ஒரு பெரிய ஆசையா? இல்லல்லா.

அவனுக்கு இன்னும் தெரியாது. கடல்ல கெடக்கான், இன்னைக்கோ நாளைக்கோதான் கரையடைவான். போன்ல சொல்லுக காரியமா இது? நேருல போய் இருந்து, அவன் சாப்பிட்ட பொறவு, மெதுவாச் சொல்லணும்.

எனக்க ஊரு தூத்தூரு. சுறா பிடிக்க ஊரு. எனக்க பேரு கர்மலி. இப்ப அந்தப் பேரச் சொல்லி யாரும் கூப்பிடுகதில்ல. ஓர்க்கான்னு சொல்லுகாவ. மூஞ்சிக்கு நேர சொல்ல மாட்டாவ, நாலு அடி தாண்டின பொறவு சொல்லுவாவ. ஓர்க்கான்னா உனக்குத் தெரியுமா? கறுப்பும் வெள்ளையுமா ஒரு பெரிய சாதனம். திமிங்கலம்னு சொல்லுகாவ, படிச்சவங்க திமிங்கலம் இல்ல, அது ஓங்கில் வர்க்கம், டால்பின் இனம்னு சொல்லுகாவ. நமக்கு என்ன வர்க்கமானா என்ன. கூட்டமா வரும். சுறாவையே பிடிச்சுத் தின்னும். அதுலயும் என்ன அநியாயம்னா, ஈரல மட்டும் உருவித் தின்னுட்டு மிச்சத்த அப்பிடியே விட்டுட்டுப் போயிருமாம். இவ்வளவு பெரிய உடம்பு, அதுல ஈரல் மட்டும். இது என்ன தீனின்னு கேக்கேன்.

நாங்களும் எண்ணெய்ச் சுறாவுல ஈரல்தான் எடுப்போம், இல்லைன்னு சொல்லல்ல. ஆழத்துல கெடக்க சுறா அது. ஈரல் எண்ணெய்க்குத்தான் ஆளு வருவான், இறைச்சிய ஒருத்தனும் கேக்க மாட்டான். அதனால மிச்சத்தக் கடல்லயே போட்டுட்டு வருவாவ. அது வேற. அது தொழிலு.

எனக்க வீட்டுக்காரர் அந்தச் சுறாவுக்குப் போனவருதான். திரும்பல்ல. எனக்க மொவன் டைட்டசுக்கு அப்ப நடக்கக்கூடத் தெளிவு வரல்ல. அவன் ஒருத்தந்தான் எனக்கு. இன்னொரு கல்யாணம் கட்டுன்னு எனக்க தமையன்மாரு எல்லாம் சொன்னாவ. நான் அவனைத் தூக்கி இடுப்புல வச்சேன், அம்புட்டுத்தான். அப்பன் போன கடலுக்கு மொவனை விடமாட்டேன்னு சொன்னேன். அவன் போனான். எங்க ஊருல ஆம்பிளப் பிள்ளை வேற எங்க போவான்? போனா ஒரு மாசம், சிலப்போ அதுக்கும் மேல. மங்களூரு தாண்டி, லட்சத்தீவு தாண்டி, கரை எந்தப் பக்கம்னே தெரியாத தண்ணியில கெடப்பாவ.

கரைக்குத் திரும்பி வரும்போது ஒரு எடத்துல போனுக்கு ரேஞ்சு கிடைக்கும். அந்த எடம் வந்ததும் போட்ல உள்ள அத்தனை ஆம்பிளையும் ஒண்ணா எழும்பிருவாவ. ஆளுக்கு ஒரு போனத் தூக்கிப் பிடிச்சுட்டு நிப்பாவ. முதல் போன் யாருக்குப் போடுகாங்கங்கதுதான் எங்க ஊருல கணக்கு. ஒருத்திக்கு முதல் போன் வரல்லன்னா அந்தத் தெருவுக்கே தெரிஞ்சு போவும். எனக்க டைட்டஸ் எனக்குத்தான் போடுவான். கல்யாணத்துக்கு முன்னயும் எனக்குத்தான். கல்யாணத்துக்குப் பொறவும் எனக்குத்தான். நான் அத மறைச்சு வைக்க மாட்டேன் மக்ளே. உடனே அடுத்த ரூமுக்குப் போய் ரெஞ்சிதாகிட்ட சொல்லிருவேன், உனக்க மாப்பிள்ளை ரேஞ்சுக்கு வந்துட்டான், சுகமா இருக்கான், சோறு வைக்கலாம்னு. நானே நடந்து போய்ச் சொல்லுவேன். இதுல அவளுக்கு என்ன கொறை வச்சேன், நீயே சொல்லு.

ரெஞ்சிதாதான் மருமொவ. நல்ல பொண்ணுதான். தாயில்லாப் பிள்ளை. நான் தாயா இருக்கலாம்னுதான் பாத்தேன். அவ இருக்க விடல்ல. சத்தம் போட மாட்டா, எதுத்துப் பேச மாட்டா, ஒண்ணு கேட்டா தலைய ஆட்டுவா. சண்டை பிடிச்சாலும் ஒரு மருமொவன்னு இருக்கும். இவ மௌனத்த வச்சிட்டு நான் என்ன செய்ய?

சரி, ஓர்க்காவுக்கு வருவோம். போன தவக்காலத்துக்கு முன்ன எங்க சர்ச்சுப் பங்கு மண்டபத்துல ஒரு கூட்டம் வச்சாவ. மீன் ஆராய்ச்சி பண்ணுக ஒரு மெலிஞ்ச பொண்ணு வந்திருந்தா. எண்ணெய்ச் சுறாவ இனி பிடிக்காதீங்கோன்னு சொல்ல வந்தவ. ஆம்பிளைக விடுவாங்களா? நாங்க பிடிக்கல்லன்னா ஓர்க்கா தின்னுட்டுப் போவும், தூண்டில் கயித்த இழுத்தா ஈரல் போன சுறாதான் வருது, அத யாரு கேப்பான்னு சத்தம் போட்டாவ. அவ பொறுமையா ரெண்டையும் படம் போட்டுக் காட்டினா.

முதல்ல சுறா. வெளிச்சமே போவாத ஆழத்துல கெடக்கும். அதனால கண்ணு பெருசு, பச்சைக் கண்ணு. பாத்தா பாவம் போல இருக்கும். ஒரு பிள்ளை, மிஞ்சினா ரெண்டு. அந்த ஒத்தைப் பிள்ளைய ரெண்டு வருசத்துக்கு மேல வயித்துல சுமக்குமாம். அம்மாடியோவ், ரெண்டு வருசம். ஆனா பெத்துப் போட்ட அந்த நிமிசத்தோட முடிஞ்சுது. தாய் ஒரு பக்கம் போவும், பிள்ளை ஒரு பக்கம் போவும். ஒரு வாய் தீனி குடுக்காது, திரும்பிக்கூடப் பாக்காது. அந்தக் குட்டி முதல் நாளே தன்பாட்டுக்கு இருட்டுல நீந்திப் பொழைச்சுக்கிடும். அதுவும் நல்லாத்தான் பொழைக்குமாம்.

பொறவு ஓர்க்கா. இது சுறாவுக்கு நேர் மாறு. பிள்ளை தாய விட்டுப் போவாதாம். அதுலயும் ஆம்பிளப் பிள்ளை சாவுற வரைக்கும் தாய்க்குப் பக்கத்துலயேதான். தாயவிடப் பெருசா வளந்த பொறவும், தாய் கெழடான பொறவும், அவ மீனப் பிடிச்சு ரெண்டாக் கடிச்சு ஒரு பாதிய மொவனுக்குக் குடுப்பாளாம். எங்கயோ குளிரு கடல்ல வருசக் கணக்கா பாத்து எழுதி வச்சிருக்காவளாம். எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு மக்ளே. ஒரு மிருகத்துக்கு இவ்வளவு பாசமா?

நான் எழும்பினேன். சபையில பொம்பிளை எழும்பக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லல்லா. எழும்பிச் சொன்னேன், பிள்ளே, அந்தச் சுறா எல்லாம் தாயே இல்ல, பெத்துப் போட்டுட்டுப் போறவ என்ன தாயி, இந்த ஓர்க்காதான் தாயின்னு. எனக்க மொவனுக்கு வயசு முப்பத்தஞ்சு ஆவுது, இன்னும் நாந்தான் மீன்ல முள்ளு எடுத்துக் குடுக்கேன், ஒரு முள்ளு அவன் தொண்டையில குத்த விட்டதில்லன்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

மண்டபமே சிரிச்சுது. பின்னால இருந்த ஆம்பிளைக கையத் தட்டினாவ. சுறாவயே தூண்டில் போட்டுத் தூக்குறவனுக்கு சாளை முள்ளு எடுக்கத் தெரியாதான்னு ஒருத்தன் கேட்டான். டைட்டஸ் தலையக் குனிஞ்சுட்டு இருந்தான். நான் மெச்சிச் சொன்னத எனக்க தலையிலயே கவுத்தாவ. அன்னைக்கு ஒட்டினதுதான் இந்தப் பேரு.

சிரிக்கட்டும். அதக்கூட நான் பெருசா எடுக்கல்ல. ஆனா அந்தச் சிரிப்பு அடங்கினதும் ரெஞ்சிதா எழும்பினா. எனக்குப் பக்கத்துல இருந்தவ. வீட்டுல ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேசாதவ, சபையில எழும்பி அந்தப் பொண்ணுகிட்ட கேக்கா, அந்தத் தாய் செத்துப் போனா மொவனுக்கு என்ன ஆவும்னு. அந்தப் பொண்ணு கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னா, பல நேரம் அவனும் ரொம்ப காலம் இருக்கதில்ல, வளந்த ஆணா இருந்தாலும் தாங்காதுன்னு. ரெஞ்சிதா அப்பிடியே கீழ இருந்துட்டா. இருந்து முந்தானைய வாயில வச்சுக்கிட்டா.

எனக்க சாவ சபையில வச்சுக் கேட்டவ. அப்பிடித்தான் நான் எடுத்தேன். நான் எப்ப போவேன்னு பாத்துட்டு இருக்காளேன்னு. அதுக்கு அவ ஏன் அழணும்னு நான் யோசிக்கல்ல. சவம், எல்லாத்தையும் யோசிச்சிட்டே இருந்தா அடுப்புல உலை வைக்கது யாரு?

அதுக்குப் பொறவு அவன் கடலுக்குப் போனான். போன கொஞ்ச நாள்ல அவளுக்குத் தலை சுத்து, வாந்தி. நாந்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். விசேசம்னு சொன்னாவ. கல்யாணம் ஆகி ஏழு வருசத்துக்குப் பொறவு மக்ளே. நான் மாதா கெபியில மெழுகுதிரி கொளுத்தினேன். அவ அன்னைக்குத்தான் சிரிச்சத நான் பாத்தேன். கண்ணாடி முன்னால நின்னு தன்பாட்டுக்கு என்னமோ பேசிப் பாத்துட்டு நின்னா. என்ன பிள்ளே பேசுகன்னு கேட்டா, ஒண்ணுமில்ல அம்மா, அவரு வந்தா எப்பிடிச் சொல்லணும்னு பாக்கேன்னு சொன்னா. கிறுக்கின்னு நெனச்சேன்.

பொறவு அவன் ரேஞ்சுக்கு வந்தான். போன் எனக்கு வந்துது. அம்மான்னு கூப்பிட்டான். நான் சொல்லிட்டேன். லேய் டைட்டஸ், உனக்குப் பிள்ளை பொறக்கப் போவுதுலேன்னு. அந்தப் பக்கம் போட்ல எல்லாரும் ஓன்னு சத்தம் போட்டது எனக்குக் கேட்டுது. நான் இந்தப் பக்கம் அழுதேன், அவன் அந்தப் பக்கம் அழுதான். நல்ல செய்தி, யாரு சொன்னா என்ன? வாயி தாங்குமா அது? திரும்பிப் பாத்தா வாசப்படியில ரெஞ்சிதா நிக்கா. கையில மாவு. அப்பம் சுட மாவு பெசஞ்சிட்டு இருந்திருப்பா போல. அவ ஒண்ணுதான் சொன்னா. அம்மா, அது நான் சொல்லக் காத்து வச்சிருந்ததுன்னு சொன்னா. கோவமாக்கூட சொல்லல்ல. சொல்லிட்டுக் கையக் கழுவப் போனா.

நான் என்ன செய்யணும், சொல்லு. சொன்னத திருப்பி விழுங்கவா முடியும்?

அடுத்த தடவை அவன் கரைக்கு வந்தப்ப தோப்பும்படியில வீடு பாத்தாச்சு. போட் அங்கதானே அடையுது, நம்ம ஊரு ஆளுக நெறய பேரு குடும்பத்தோட அங்கதான் இருக்காவ, போக வர லேசுன்னு அவன் சொன்னான். அவ சொல்லிக் குடுத்ததுன்னு ஊரு சொல்லிச்சு. நானும் சொன்னேன். பொய் சொல்லல்ல, நாந்தான் முதல்ல சொன்னேன். அவன் போறப்ப திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனான். நான் கதவடைச்சுட்டு உள்ள வந்துட்டேன். அதுக்குப் பொறவு வீட்டுல ஒத்தைக்கு மீன் வாங்கணும், ஒத்தைக்குச் சமைக்கணும். ஒரு ஆளுக்கு எப்பிடிக் கொழம்பு வைக்கதுன்னே எனக்குத் தெரியல்ல மக்ளே. ஒண்ணு புளி கூடுது, இல்ல உப்பு கூடுது. மடுத்து வெறுத்துப் போச்சு. நெஞ்சு வலி அதுக்குப் பொறவுதான் தொடங்குச்சு. அது வலிக்கல்லன்னா அதிசயம்.

அதனாலதான் போறேன். அவ காலு கையப் பிடிச்சாவது கூட்டிட்டு வரணும். என் வீட்டுலயே பேறு பாக்கலாம். நான் ஒரு கட்டில்ல கெடப்பேன், அவ ஒரு கட்டில்ல கெடக்கட்டும், அவன் ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கட்டும். நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நெஞ்சுல ஆப்பரேஷன்னு, அவன் செருப்புகூட மாட்டாம வந்திருவான். எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நெய்யாற்றின்கரை வந்தாச்சா? இந்த எடத்துல எப்பவும் வண்டி நவுராது. தண்ணி இருந்தா ஒரு வாய் தா.

இரு. போன் அடிக்குது. அவதான், ரெஞ்சிதா. இவ எனக்குக் கூப்பிடுகதே இல்லியே.

ஆ, சொல்லு பிள்ளே. கேக்குது, சொல்லு. வந்துட்டானா? எப்ப, காலையிலயா? ம். உனக்குத்தான் முதல்ல கூப்பிட்டானா. சரி. சரிங்கேன்லா, அத எதுக்கு இப்பிடிப் பயந்து பயந்து சொல்லுக? அப்பிடித்தானே வேணும். என்னது? பையத் தூக்கிட்டு நிக்கானா? எங்கோட்டு? நான் அவன்ட்ட ஒண்ணும் சொல்லல்லியே. போன தடவை பேசினப்ப எனக்கு மூச்சு வாங்கிச்சாமா? அது நான் தண்ணிக் கொடம் தூக்கிட்டு வந்து பேசினேன். அதுக்காக ஊருக்கு வரணுமா அவன்? நீ என்ன சொன்ன? போங்கன்னு சொன்னியா?

ரெஞ்சிதா. உனக்க தொண்டை ஏன் ஒரு மாதிரி இருக்கு? நேத்து டாக்டரப் பாத்தல்லா, என்ன சொன்னாவ? பிரஷரா. எவ்வளவு? காலு வீங்கி இருக்கா? முகமுமா? ஒத்தைக்கு இருக்கக்கூடாதுன்னு சொன்னாவளா. அத நீ அவன்ட்ட சொன்னியா? ஏன் சொல்லல்ல? அம்மாக்குத்தான் முதல்லன்னு நீயா முடிவு பண்ணிட்டியா?

இங்க கேளு. போன அவன்ட்ட குடுக்காத. நான் சொல்ல மாட்டேன், இது நீ சொல்ல வேண்டியது. இப்பமே போ, அவன் கையில உள்ள பைய வாங்கிக் கீழ வை. டாக்டர் சொன்ன ஒவ்வொண்ணையும் சொல்லு. வீங்கின காலக் காட்டு. அவன் அங்கயேதான் இருக்கணும், பிள்ளை பொறந்து நீ எழும்புற வரைக்கும் கடலுக்கும் வேண்டாம், ஊருக்கும் வேண்டாம். நானா? நான் வீட்டுலதான் இருக்கேன். சத்தமா? அது ரோட்டுல பஸ் போவுது. எனக்கு ஒண்ணும் இல்ல பிள்ளே. மாதா மேல ஆணையா ஒண்ணும் இல்ல. வை, வச்சுட்டுப் போய்ச் சொல்லு.

என்னைய அப்பிடிப் பாக்காத மக்ளே. பொய் சத்தியம் பண்ணினது எனக்குத் தெரியும். மாதாவும் ஒரு மொவனப் பெத்தவதானே, மன்னிப்பா.

இல்ல, நான் தம்பானூருக்கு வரல்ல. பாலராமபுரத்துல இறங்கித் திரும்பிருவேன். நீ கேக்கது சரிதான், இவ்வளவு தூரம் வந்துட்டு. போய் மருமொவளுக்கு ஒத்தாசை செஞ்சா என்னன்னுதானே கேக்க? செய்யலாம். அங்க நம்ம ஊரு பொம்பிளைக இருக்காவ, ஆஸ்பத்திரி பக்கத்துலதான், அவளுக்குக் கொறை வராது. நான் போய் நின்னா என்ன ஆவும் தெரியுமா? அவன் அவளைப் பாக்க மாட்டான். எனக்க மூஞ்சியப் பாத்துட்டு நிப்பான். பாத்த ஒடனே கண்டு பிடிச்சிருவான். பொறவு அவளுக்க பிரஷர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவ போனதே எனக்கிட்டேருந்துதானே. நானும் பின்னாலயே பையத் தூக்கிட்டு வந்தா அவ எங்கதான் போவா.

ஆப்பரேஷனுக்கு ஆளு இருக்கு. எனக்க தங்கச்சி மொவ வருவா. கூட நிக்கதுக்கு ஒரு மனுசர் போதும்லா. கண்டக்டர் சார், பாலராமபுரத்துல ஒரு ஆளு எறங்கணும். மெதுவா நிறுத்துங்கோ, எனக்குச் சட்டுனு எறங்க ஆவாது.

எதாவது நல்லதா ஆச்சுன்னா நானே போன் போட்டு அவன்ட்ட சொல்லுவேன். ஆவல்லன்னா தங்கச்சி மொவ சொல்லுவா. எனக்கு ஒண்ணு ஆவுற அன்னைக்கு அவன் எனக்க கட்டிலுக்குப் பக்கத்துல இருந்தான்னா எழும்ப மாட்டான் மக்ளே. எனக்கு அவனைத் தெரியும், நாந்தானே அவனை அப்பிடி வளத்தேன். அவன் அவனுக்க வீட்டுல இருக்கணும். அங்க ஒரு பச்சைப் பிள்ளை தொண்டை கிழிய அழுதுட்டு கெடக்கணும். அதத் தூக்குகதுக்காவது அவன் எழும்புவான்லா. நீ கொஞ்சம் காலை ஒதுக்கு, நான் எறங்கட்டும்.